பதினெட்டில் ஓட வேண்டிய காதல்

போன மாதம் நம் திரைப்படக் கழகத்து இளைஞர் ஒருவர் டிஸ்க்கில் ஒரு பழைய ஊமைப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், அந்தக் காலத்து ஜனங்க ஏன் சார் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரியே நடக்கிறாங்க?"

அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போகவில்லை தம்பி. பஸ்ஸைப் பிடிக்கப் போனவன் நான்.

இதைக் கேட்டு அவர் விழித்தார். "எழுதிக் குடுங்க சார், நம்ம இதழ்ல போட்டுடலாம்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்வதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியாது. முதலில் நான் பிறந்த கதை வரும், அப்புறம் என் முதல் சம்பளம் வரும். இரண்டையும் விட்டுவிடுகிறேன். தொழில் கற்ற கதையும் நாலு வரிதான். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டருக்கு எடுபிடி. அங்கே புரொஜெக்டர் விளக்கின் கார்பன் புகையில் இருமக் கற்றுக்கொண்டேன். பிறகு லைசென்ஸ் பரீட்சை, இரண்டாவது தடவையில் பாஸ். பிறகு நகரத்து நடுவில் இருந்த ஒரு கலாசார மையத்தின் நூலகத்தில் பதினாறு எம்.எம். புரொஜெக்டர் ஓட்டும் வேலை. அங்கேயே தலை நரைத்து, போன வருஷம் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நூலகத்தில் திரைப்படப் பிரிவுக்கு அதிகாரி சாவித்திரம்மா. மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குறை இருந்தால், கழித்துப் போட்ட நூலக அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி நம் மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார். "துரை, லென்ஸில் தூசி." அவ்வளவுதான். திட்டினாலாவது பதிலுக்கு முணுமுணுக்கலாம். அட்டையோடு எப்படிச் சண்டை போடுவது? துடைத்துவிட்டு வருவேன்.

தொண்ணூற்றிரண்டு தொடக்கத்தில் ஒரு நாள் அவர் இரும்பு பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு முந்தைய டிசம்பரில் ஊரில் தண்ணீரை வைத்து மொழிச் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. எந்த மொழிப் படம் போடலாம், யார் வருவார்கள், யார் கோபித்துக்கொள்வார்கள் என்று நிர்வாகக் குழு குழம்பிக்கொண்டிருந்தது.

"துரை, இங்கே நோடி, பாருங்க" என்றார் சாவித்திரம்மா. பீரோவின் அடித்தட்டில் பன்னிரண்டு டப்பாக்கள். ஊமைப் படங்கள். எல்லாம் காதல் நகைச்சுவை. நடித்தவர்கள் பெயரை நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். "இதுல கன்னடமும் இல்ல, தமிழும் இல்ல. கோபப்படறதுக்கு ஜாகாவே இல்ல. மாசத்துக்கு ஒண்ணு போடலாம்."

"படத்துக்கு நடுவுல வசனம் காட்டற எழுத்து அட்டை எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குமே மேடம்?"

"நான் மைக்ல படிக்கறேன். மொதல்ல கன்னடம், அப்புறம் தமிழ். ரெண்டு பேரும் ஒண்ணா சிரிக்கட்டும்."

அப்படித்தான் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறரை மணி என்று தொடங்கியது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். பேசும் படம் விநாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம் ஓட வேண்டும். ஊமைப் படத்தை அதைவிட மெதுவாகப் பதினாறு, பதினெட்டு என்று எடுத்திருப்பார்கள். அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். இதற்காகவே என் புரொஜெக்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் இருபத்து நான்கு, கீழே தள்ளினால் பதினெட்டு. போதாததற்கு ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் 'பதினெட்டில் ஓட்டவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும்.

ஆனால் தொம்மலூருக்கு நேராகப் போகிற பஸ் எட்டு பத்துக்கு. அதை விட்டால் ஒன்பது மணிக்கு மேல், அதுவும் சிவாஜிநகர் போய் மாறி, ஒற்றைக் காலில் நின்று போக வேண்டும். பதினெட்டில் ஓட்டினால் படம் ஒன்றரை மணி நேரம். மேடத்தின் முன்னுரை, நடுவில் பிலிம் ஸ்பூல் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் எட்டே கால் ஆகிவிடும். இருபத்து நான்கில் ஓட்டினால் இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைக்கும். சுவிட்சை ஒரு தடவை மேலே தள்ளினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊமைப் படம் என்றால் அப்படித்தான் ஓடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கும்போது நான் ஏன் அதைத் திருத்த வேண்டும்?

பதினொரு மாதம் இப்படி ஓட்டினேன். சுவரேறிக் குதித்து, மாவு மூட்டையில் விழுகிற படமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். வேகமாக விழுந்தாலும் விழுவது சிரிப்புதான். இவை வேறு சாதி. இவற்றில் யாரும் விழுவதில்லை. ஒரு பெண் பேசலாமா என்று யோசிப்பாள். ஒருவன் தொப்பியைக் கழற்றலாமா என்று யோசிப்பான். அந்த யோசனைதான் கதை. அதை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? யோசனை போய்விடும், தலையாட்டல்தான் மிஞ்சும். காதலர்கள் கோழி கொத்துவது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அல்லது கொட்டாவி விட்டார்கள். தொண்ணூறு பேர் வந்த கூட்டம் முப்பதானது.

சாவித்திரம்மாவின் பாடு அதைவிட மோசம். எழுத்து அட்டை திரையில் வந்ததும் கன்னடத்தில் தொடங்குவார். தமிழுக்கு வாய் திறக்கும்போது அட்டை போய்விட்டிருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற பெருமாள் என்று ஒருவர், இரண்டு பஸ் மாறி, ஒரு மாதம்கூடத் தவறாமல் வருவார். முன் வரிசையிலிருந்து குரல் கொடுப்பார்: "மேடம், எங்க டர்ன் வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சே!" எல்லோரும் சிரிப்பார்கள். மேடமும் சிரிப்பார். ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு, தமிழ்க்காரர்களுக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று அவர் உள்ளுக்குள் நொந்துபோனது, புரொஜெக்டர் அறையின் சின்னச் சதுரத் துளை வழியாகப் பார்த்த எனக்கே தெரிந்தது. என்னைப் போன்ற கல்லுக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது படத்தின் டப்பாவைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. பிலிம் சுருங்கியிருந்தது. சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் இயந்திரத்தின் பல்லில் சரியாக உட்காராது. வேகமாக ஓட்டினால் கிழியும். அதனால் சனிக்கிழமை மதியம், சோதனைக்காக, சுவிட்சைக் கீழே தள்ளி, ஆளில்லாத அரங்கில் ஓட்டினேன். நான் ஒரு ஊமைப் படத்தை அதற்குரிய வேகத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் அனுபவம் எத்தனை வருஷம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டுகிற பெண். அந்தக் கால லிஃப்டில் பித்தளைக் கைப்பிடி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் லிஃப்ட் நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். எதிர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் அவளைப் பார்ப்பதற்காகவே லிஃப்டில் ஏறுகிறான். சும்மா ஏறி இறங்க முடியுமா? மாடிக்கு ஒரு சாமான் வாங்குகிறான். குடை, மேஜை விரிப்பு, கல்யாணமே ஆகாதவன் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை. கடைசியில் முகம் தெரியாத அளவு பொட்டலங்களோடு, ஜனம் நெரிகிற லிஃப்டில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிடுகிறான்.

அவள் பதில் சொல்வதில்லை. அவனைப் பார்ப்பதுகூட இல்லை. மாடி எண் காட்டும் முள்ளைப் பார்க்கிறாள். அப்புறம் கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுக்கிறாள்.

லிஃப்ட் நின்றுவிடுகிறது. அவள் எல்லோரையும் பார்த்து ஏதோ சொல்கிறாள். எழுத்து அட்டை வருகிறது: 'மன்னிக்கவும், லிஃப்ட் கெட்டுவிட்டது.'

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆளில்லாத அரங்கில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அந்தக் கட்டைவிரல் சுவிட்சைப் பார்த்தேன்.

அன்று மாலை நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மனம் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். ஏற்கெனவே கிழிந்திருந்த துளைகளுக்கு டேப் ஒட்டிவிட்டு, தாங்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, சுவிட்சை மேலே தள்ளினேன். எட்டு பத்து பஸ்.

கடைசிக் காட்சி வந்தது. கை படக்கென்று எழும்பியது, யார் கண்ணிலும் படவில்லை. லிஃப்டில் இருந்தவர்கள் தலைகள் முட்டிக்கொண்டன. சாவித்திரம்மா மூச்சிரைக்க, "க்ஷமிசி, லிஃப்ட் கெட்டிதெ" என்று முடிப்பதற்குள் படமே முடிந்துவிட்டது. முன் வரிசையில் பெருமாள் பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொன்னார்: "கரன்ட் போயிடுச்சுப்பா. நம்ம பீன்யா மாதிரியே."

கூட்டம் கலைந்ததும் சாவித்திரம்மா புரொஜெக்டர் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

"துரை, நான் திங்கக்கிழமை கமிட்டிக்கு லெட்டர் எழுதிடறேன். இத நிறுத்திடலாம்."

"ஏன் மேடம்?"

"இந்தப் படங்கள்ல ஒண்ணுமே இல்ல போலிருக்கு. இருக்குன்னு நான்தான் நம்பிட்டேன். படிக்கவும் எனக்கு ஷக்தி இல்ல. வீட்டுல பேப்பர வெச்சுக்கிட்டு, வாட்ச் பார்த்து, வேகமா படிச்சுப் பழகறேன், தெரியுமா? எங்க வீட்டுக்காரர் சிரிக்கறார். 'ஏன் குதிரை ரேஸ் காமென்ட்ரி சொல்றே'ங்கறார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிலிமைச் சுற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மணி எட்டு ஆகியிருந்தது, ஓடிவிட்டேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. தொம்மலூர் வரைக்கும் ஜன்னல் வழியாக என்ன பார்த்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. வீட்டில் என் மனைவி கமலா சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "யார்கிட்டயாவது திட்டு வாங்குனியா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றேன்.

திங்கட்கிழமை நான் போனபோது அவர் மேஜையில் கடிதம் டைப் ஆகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. தலைகீழாகவே ஒரு வரியைப் படித்தேன். 'இப்படங்களைத் தேர்ந்தெடுத்தது என் கணிப்பின் பிழை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து மட்டும் விழுந்துவிட்டால், பன்னிரண்டு டப்பாவும் மறுபடி பீரோவின் அடித்தட்டுக்குப் போகும். அந்தம்மா மிச்சமிருக்கும் சர்வீஸ் முழுக்கத் தன் ரசனை தப்பு, தன் நாக்கு தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. மெஷின்ல ஒரு சுவிட்ச் இருக்கு" என்றேன்.

"கெட்டுப்போச்சா?"

எவ்வளவு நல்ல வாய்ப்பு பாருங்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல மேடம். சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. நான்தான்..."

அவர் எழுந்து புரொஜெக்டர் அறைக்கு வந்து, மீதியை மெஷினிலேயே காட்டச் சொன்னார். காட்டினேன். பிலிமைப் பூட்டி, இருபத்து நான்கில் ஓட்டினேன். பிறகு அவரே விரலை நீட்டி சுவிட்சைக் கீழே தள்ளினார். கடகடவென்று தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்த சத்தம் தணிந்து, நிதானமாக நடக்கிற குதிரையின் குளம்புச் சத்தமானது. அட்டை வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் படித்தார், தமிழில் படித்தார். அட்டை இன்னும் இருந்தது.

"ஒம்பது செகண்டு" என்றார்.

"மேலே தள்ளினா ஏழு கூட இல்ல மேடம்."

அவர் மெஷினை நிறுத்தினார். நான் என் டிரான்ஸ்பர், மெமோ, கமலாவின் முகம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்ரீ, எதுக்கு?"

"பஸ்ஸு, மேடம்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு பத்து."

"பதினோரு மாசம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "ஷோவ ஆறு மணிக்கு வெச்சுடுங்க மேடம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெச்சிருக்க மாட்டேனா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, சத்தியமாகத் தோன்றவில்லை. மேலதிகாரியிடம் போய் நேரத்தை மாற்றச் சொல்வதைவிட, ஒரு நாட்டின் காதல் முழுவதையும் இருபத்திரண்டு நிமிஷம் சுருக்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அவர் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் அறிவிப்பு எழுதினார். இந்த சனிக்கிழமை ஆறு மணிக்கு அதே படம் மறுபடியும். அடுத்து, முன்னே போட்ட பதினொன்றும் ஒவ்வொன்றாக. காரணம் என்ற இடத்தில் பென்சில் நின்றது.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்களேன் மேடம்" என்றேன் பணிவாக.

'ஆபரேட்டர் கோளாறு' என்று எழுதினார். "இத நீங்கதான் மைக்ல படிக்கணும்" என்றார்.

அந்தப் பதினொன்றையும் பிறகு போட்டோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தபால்காரனைப் பார்ப்பதற்காகத் தனக்குத் தானே கடிதம் எழுதிப் போட்டுக்கொள்கிற பெண்ணின் படம், கடன் வாங்கிய கோட்டோடு பெண் பார்க்கப் போகிறவன் படம், எல்லாவற்றையும் புதுப் படம் போலவே பார்த்தேன். இவற்றில் என்ன இருக்கிறது என்று கழகத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பேச முடியாதவர்கள் இல்லை இவர்கள், பேசத் தயங்குகிறவர்கள். தயக்கத்தைக் காட்ட சத்தம் தேவையில்லை, நேரம்தான் தேவை. பெரிய கோமாளிகளை எந்த வேகத்திலும் ரசிக்கலாம். இந்தப் பாவப்பட்டவர்களை அவர்கள் வேகத்துக்கு விட்டால்தான் உண்டு. அதனால்தான் உலகம் இவர்களை மறந்துவிட்டதோ என்னவோ. ஊருக்கு ஊர் என்னைப் போல ஒருவன், அவனுக்கு ஒரு பஸ்.

சனிக்கிழமை ஆறு மணி. நாற்பது பேர் இருந்தார்கள். மைக்கில் போய் நின்று, "பதினோரு மாதமாக உங்களுக்குப் படத்தை வேகமாக ஓட்டிக் காட்டியவன் நான்தான்" என்று படித்தேன். பெருமாள் குரல் கொடுத்தார்: "இன்னா குரு, எங்களயும் ஓட்டியிருக்கியா!" அரங்கம் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு அறைக்கு ஓடினேன்.

எனக்குப் பயம் பிலிம் மேல். முந்தைய வாரம் நான் வேகமாக ஓட்டியதில் கடைசிப் பகுதியில் துளைகள் இன்னும் கிழிந்திருந்தன. இயந்திரத்துக்குள் பிலிம் ஒரு வளைவாகத் தொங்கிக்கொண்டே போக வேண்டும்; அந்த வளைவு போய்விட்டால் படம் திரையில் குதிக்கும், நிறுத்தித்தான் சரிசெய்ய முடியும். லிஃப்ட் காட்சியில் அது நடந்தால் மறுபடியும் எல்லாம் கேலிதான். அதனால் இரண்டாவது ஸ்பூல் தொடங்கியதிலிருந்து இயந்திரத்தின் பக்கத்திலேயே மண்டியிட்டு, ஆள்காட்டி விரலை வளைவுக்குக் கீழே லேசாக வைத்துக்கொண்டேன். துளை கிழிந்த இடம் வரும்போதெல்லாம் விரலில் ஒரு துடிப்பு தட்டும். அப்போது மயிரிழை அழுத்தி விட வேண்டும். அதிகம் அழுத்தினால் நானே கிழித்துவிடுவேன். விளக்கின் சூட்டில் விரல் வெந்தது. சதுரத் துளை வழியாகத் திரை பாதிதான் தெரிந்தது.

பொட்டலங்களோடு அவன் லிஃப்டில் ஏறினான். கேட்டான். மேடம் அவன் கேள்வியைக் கன்னடத்திலும் தமிழிலும் நிதானமாகப் படித்தார். அவள் முள்ளைப் பார்த்தாள். விரலில் துடிப்பு, ஒன்று, இரண்டு. அழுத்தினேன். படம் லேசாக நடுங்கி, நிலைத்தது.

அவள் சுண்டு விரல் கைப்பிடியிலிருந்து எழுந்தது. அடுத்த விரல். அடுத்தது. கடைசியில் கை முழுவதும் காற்றில் ஒரு கணம் நின்று, அவள் பாவாடை மேல் போய் உட்கார்ந்தது.

அப்புறம் முன் வரிசையிலிருந்து பெருமாளின் குரல், கத்தலாக இல்லை, ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் நிச்சயமானது போல: "அடேய்... கரன்ட் போகல. அவளே நிறுத்திட்டா!"

எழுத்து அட்டை வந்தது. சாவித்திரம்மா அவசரப்படவில்லை.

"க்ஷமிசி, லிஃப்ட் கெட்டிதெ" என்றார், அந்தப் பெண்ணைப் போலவே முகத்தை ஒன்றும் தெரியாதது போல வைத்துக்கொண்டு. பாதி அரங்கம் சிரித்தது. அவர் காத்திருந்தார்.

"மன்னிக்கணும், லிஃப்ட் கெட்டுப்போச்சு."

கன்னடத்திலேயே புரிந்து ஒரு தடவை சிரித்துவிட்ட பெருமாள், தமிழுக்காக இன்னொரு தடவை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகும் அட்டை இரண்டு விநாடி திரையில் நின்றது. படிக்க ஒன்றும் மிச்சமில்லாமல், வெறுமனே, எல்லோரும் சிரித்து முடிப்பதற்காக நின்றது.